ஏல எண் 214

அபர்டீனில் இன்றும் கடல்மூட்டம்.
கருங்கல் வீடு எங்கே முடிகிறது
வானம் எங்கே தொடங்குகிறது
சொல்ல ஆளில்லை.
பகலிலேயே கிடங்கு விளக்கைப் போட்டுக்கொண்டு
பெட்டியைத் திறக்கிறேன்.
நாற்பத்தொரு அட்டைகள்.
குழந்தைகளுக்கான கதைநேரம், தொலைக்காட்சி, 1967.
வரைந்தவர் இஷ்பெல் ஃபார்க்கர்.

மூலைதோறும் குண்டூசித் துளை.
பின்பக்கம் பென்சிலில்
கேமராக்காரனுக்குக் கட்டளை:
வாத்திலிருந்து தொடங்கு. மெதுவாக இடப்பக்கம். ஏழு நொடி.
கிணற்றைத் தாண்டாதே.

தாண்டினால் என்ன என்று திருப்பிப் பார்த்தேன்.
கிணற்றுக்கு அப்பால் பாதி மாடு,
தூரிகை துடைத்த தடம்,
ஒரு தொலைபேசி எண்,
'வெள்ளிக்குள் பணம் வராவிட்டால் நரி கிடையாது.'

நரி பதினேழாவது அட்டையில் இருக்கிறது.
பணம் வந்திருக்க வேண்டும்.

நிறங்கள்தான் பிடிபடவில்லை.
கடல் ரோஜா நிறம். குதிரை பச்சை.
பாதிரியார் முகத்தில் வெளிறிய ஊதா.
பித்தா புதுமையா
விவரப் பட்டியலில் என்ன எழுதுவது
என்று விழித்துக்கொண்டிருந்தபோது
அடியில் அகப்பட்டது அவள் கைப்பட ஒரு சீட்டு:
ஒவ்வொரு சாயத்தின் பேருக்கு எதிரேயும்
திரையில் அது எந்தச் சாம்பலாகும் என்ற கணக்கு.
சிவப்பும் இலைப்பச்சையும் ஒன்றே.
இரண்டு அடிக்கோடு.
சிவப்புக் கோட்டுப் பையன்
காட்டுக்குள் போனால் காணாமல் போவான்.
ஆகவே மஞ்சள்.

பார்வை நாளன்று
பீட்டர்ஹெட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தார் ஹெக்டர் மில்ன்.
மீன்பெட்டிக்கு ஐஸ் அரைக்கும் ஆலையில்
முப்பத்தாறு வருஷம்.
கையுறையைக் கழற்றாமல்
ஒன்பதாம் அட்டை முன்னால் நின்றார்.
"இது அதில்லை."
அதுதான் ஐயா.
"கோட்டு சிவப்பு. நான் பார்த்தேன்."

வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டி என்று
அவரே சொன்னார்.
வாடகைப் பெட்டி, காசு போட்டால் ஓடுவது.
கதை நடுவில் காசு தீரும்,
அம்மா மேலங்கிப் பையெல்லாம் துழாவுவாள்,
அதற்குள் பையன் கிணற்றைக் கடந்திருப்பான்.
"இருந்தும் சிவப்பு. தபால்பெட்டிச் சிவப்பு.
இன்றைக்கும் எனக்கு"
என்று ஆரம்பித்து, விட்டுவிட்டார்.

சிவப்பு என்றது நாற்காலியில் இருந்த குரல்.
அதைக் கேட்டு எத்தனை வீட்டில்
எத்தனை பிள்ளைகள்
பக்கத்தில் கிடந்த சிவப்பை,
தக்காளிச் சாஸோ அக்காவின் ரிப்பனோ,
எடுத்துப் பூசினார்களோ.

சீட்டைக் காட்டினேன். அவர் படிக்கவில்லை.
கைபேசியை எடுத்தார்.
மகள் சொல்லித்தந்ததாம்,
படத்திலிருந்து நிறத்தை உருவிவிடும் வித்தை.
கையுறையோடு மூன்று தரம் தவறி
பல்லால் கடித்துக் கழற்றி
நான்காவதில் மஞ்சள் போயிற்று.
என் மூக்குக்கு நேரே நீட்டினார்.
"இப்போது சொல்லுங்கள், என்ன நிறம்?"

ஏலத்தில் அவர் கை நானூறு பவுண்டில் இறங்கியது.
பர்மிங்ஹாமிலிருந்து தொலைபேசியில் யாரோ
இரண்டாயிரத்து அறுநூறுக்கு
மொத்தமாக எடுத்தார்கள்.
நானூறுக்கு மேல் எனக்கும் அவர் முகம் நினைவில்லை,
எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கட்டுப் போடும்போது
மூட்டம் ஜன்னல் வரை வந்துவிட்டது.
ஒன்பதாம் அட்டையைச் சுவரில் சாய்த்துவைத்து
விளக்கை அணைத்தேன்.
முதலில் கடல் போயிற்று. பிறகு குதிரை.
மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
பையன் மட்டும் வாத்தை இடுக்கியபடி
தெளிவாக
நடுக்காட்டில்.

கோட்டின் நிறம் சொல்லமாட்டேன்.
நான் சம்பளத்துக்கு விவரம் எழுதுகிறவன்.